ரொட்டி ஏன் உப்பவில்லை?

உங்களில் சிலர் வீட்டில் ரொட்டி சுட்டுப் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தில் கண்டபடி மாவு, ஈஸ்ட், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அளந்து போட்டீர்கள். சொன்ன நேரம் காத்திருந்தீர்கள். சொன்ன சூட்டில் வேக வைத்தீர்கள். வெளியே எடுத்தால் செங்கல்! கத்தி இறங்கவில்லை. அரைக் கிலோ மாவு வீணாயிற்றே என்று அம்மாவுக்கு வருத்தம். கடையில் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தால் போச்சு என்று பாட்டியின் தீர்ப்பு.

புத்தகம் பொய் சொல்லியதா? பெரும்பாலும் இல்லை. ஆனால் அதை எழுதியவர் எந்த மாவை எடுத்தார், அவருடைய சமையலறையில் அன்று என்ன வெப்பநிலை என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. அந்த இரண்டும் மாறினால், அதே அளவுகள் வேறு பண்டத்தைத் தரும். செங்கல்லாகிப்போன ரொட்டியைத் தூக்கி எறியுமுன் சற்று ஆராய்ந்தால், எங்கே பிசகு நேர்ந்தது என்பதை அதுவே சொல்லும். எப்படி என்று பார்ப்போமா?

மூன்று வேலைகள்

நல்ல ரொட்டித் துண்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே முழுவதும் சிறு சிறு அறைகள். ரொட்டி என்பது கெட்டிப்பட்ட ஒரு நுரை. சோப்பு நுரையில் மெல்லிய நீர்ப்படலம் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. இங்கே மாவுப் படலம் அந்த வேலையைச் செய்கிறது.

ஆகவே மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். முதலில் வாயு உண்டாக வேண்டும். உண்டான வாயு வெளியேறாமல் உள்ளேயே நிற்க வேண்டும். நின்ற நிலையில் அந்த நுரை வெந்து கெட்டிப்பட வேண்டும். எந்த ரொட்டி கெட்டுப்போனாலும், இந்த மூன்றில் எது தவறியது என்பதுதான் முதற்கேள்வி.

வாயுவை உண்டாக்குவது ஈஸ்ட். இது ஒரே செல்லால் ஆன, கண்ணுக்குத் தெரியாத காளான் இனம். உலர்ந்த ஈஸ்ட் ஒரு கிராமில் பல நூறு கோடி செல்கள் உறங்கிக் கிடக்கின்றன. நீரும் சர்க்கரையும் கிடைத்ததும் விழித்துக்கொண்டு, சர்க்கரையைச் சிதைத்துக் கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் தருகின்றன. இந்த நொதித்தல் உயிருள்ள செல்களின் செயல் என்பதை 1850களின் பிற்பகுதியில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துக் காட்டினார். ஆல்கஹாலா என்று பயந்துவிடாதீர்கள். வேகும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும்.

சர்க்கரை போடாவிட்டால் ஈஸ்ட் பட்டினி கிடக்குமோ? கிடக்காது. மாவிலேயே சிறிதளவு சர்க்கரை உண்டு. அதோடு, மாவில் இயற்கையாக உள்ள அமைலேஸ் என்னும் என்சைம், நீர் பட்டதும் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் சர்க்கரையாக மாற்றிக்கொண்டே இருக்கும். பிரான்சு நாட்டின் நீளமான பகெட் ரொட்டியில் மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறு எதுவும் சேர்ப்பதில்லை. நாம் சேர்க்கும் சர்க்கரை ருசிக்காகவும் மேலோட்டின் நிறத்துக்காகவும்தான். மாவின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை போனால் ஈஸ்ட்டின் வேலை மந்தமாகிவிடும். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. உங்கள் உயிரியல் பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இது!

மாவைக் கழுவிப் பாருங்கள்

இரண்டாவது வேலை, அதாவது வாயுவைப் பிடித்து வைப்பது, மாவைப் பொறுத்தது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையால் செய்து பார்ப்பது நல்லது.

50 கிராம் மைதாவில் சுமார் 30 மில்லி லிட்டர் நீர் விட்டுப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். உருண்டையாக்கி, ஒரு கிண்ணம் நீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்திருங்கள். பிறகு அந்த நீருக்குள்ளேயே மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். நீர் பால்போல் வெளுக்கும். அதைக் கொட்டாமல் தனியே வைத்துக்கொண்டு, புது நீர் மாற்றி மாற்றிக் கழுவுங்கள். நீர் ஏறக்குறையத் தெளியும்போது உங்கள் கையில் மிஞ்சியிருப்பது என்ன? சாம்பல் நிறத்தில், ரப்பரைப் போல இழுபடும் ஒரு பசை! நிறுத்துப் பாருங்கள். பத்திலிருந்து பதினைந்து கிராம் வரை இருக்கலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு நீர்.

முதலில் எடுத்து வைத்த பால்நீரில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமாகிறதல்லவா? அது மாவுச்சத்து. கையில் உள்ள பசை புரதம். இதற்குக் குளூட்டன் என்று பெயர். இதே சோதனையை இத்தாலியில் பொலோனியா நகரத்து அறிஞர் பெக்காரி செய்து, 1728இல் அங்கே விரிவுரையாற்றினார். அவருடைய கட்டுரை 1745இல் அச்சாயிற்று. தாவரத்திலிருந்து வந்த ஒரு பொருள் மிருகங்களின் உடலிலிருந்து கிடைக்கும் பொருளைப் போல நடந்துகொள்கிறதே என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. சீனாவில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்தப் பசையை வேக வைத்துக் கறிக்குப் பதிலாகச் சாப்பிட்டு வருகிறார்கள் என்பது வேறு கதை.

மாவுப் பையில் குளூட்டன் உருவாகிக் கிடப்பதில்லை. கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இருவகைப் புரதங்கள் உள்ளன. நீர் சேர்ந்து, பிசையவும் செய்யும்போது இவை ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. இழுத்தால் நீள்வது கிளையடினின் குணம். விட்டால் சுருங்குவது குளூட்டெனினின் குணம். இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் மாவுப் படலம் பலூனைப் போல விரிந்தும் கிழியாமல் இருக்கிறது.

இனி, அரிசி மாவைப் பிசைந்து கழுவிப் பாருங்கள். கையில் ஒன்றுமே மிஞ்சாது. எல்லாம் நீரோடு போய்விடும்.

மூன்று தம்ளர்கள்

இன்னொரு சோதனை. நேரான பக்கங்கள் கொண்ட மூன்று கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் மைதா, 50 கிராம் கோதுமை மாவு, 50 கிராம் அரிசி மாவு. ஒவ்வொன்றிலும் அரைக் கிராம் ஈஸ்ட், ஒரு சிட்டிகைச் சர்க்கரை. உருண்டை பிடிக்கும் அளவு நீர் விட்டுப் பிசைந்து, தம்ளரின் அடியில் அமுக்குங்கள். மட்டம் தெரிய வெளியே ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். ஈரத் துணியால் மூடிவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வாருங்கள்.

மைதா இரண்டு மடங்குக்கு வளரும். கோதுமை மாவும் வளரும், ஆனால் அவ்வளவு இல்லை. அரிசி மாவு சற்றே தூக்கி, மேலே வெடிப்பு விட்டு நின்றுவிடும். மூன்றிலும் ஈஸ்ட் ஒன்றே, அளவும் ஒன்றே. அரிசி மாவிலும் வாயு உண்டாகத்தான் செய்தது. அதைப் பிடித்து வைக்க ஆளில்லை.

உடனே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: இட்லி மட்டும் எப்படி உப்புகிறது? நல்ல கேள்வி. இட்லியில் வாயுவைப் பிடிப்பது உளுந்து. உளுந்தின் புரதமும் அதிலுள்ள கொழகொழப்பான சர்க்கரைக் கூட்டுப்பொருளும் சேர்ந்து மாவைக் கெட்டியான நுரையாக்குகின்றன. ஆட்டும்போது உளுந்து பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்களே! அந்த நுரைக்குத் தட்டிலுள்ள குழி வேண்டும், நீராவி வேண்டும். தனியாக உயர்ந்து நிற்கும் பலம் அதற்கில்லை. குளூட்டனின் பலமே அதுதான்.

எந்த மாவு வாங்குவது?

நம் ஊர் மளிகைக் கடையில் ரொட்டிக்கென்று தனி மாவு கிடைப்பது அரிது. மைதா கிடைக்கும், கோதுமை மாவு கிடைக்கும். பாக்கெட்டின் பின்புறத்தில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள். 9க்குக் கீழே இருந்தால் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நல்லது. 10, 11 என்றிருந்தால் ரொட்டிக்கு உதவும். மேல்நாட்டுப் புத்தகங்கள் ரொட்டி மாவு என்று சொல்வது பெரும்பாலும் 12, 13 உள்ளது. அந்தப் புத்தகத்தின் நீர் அளவை நம் மைதாவில் அப்படியே ஊற்றினால் மாவு கையில் ஒட்டிக்கொண்டு வழியும். காரணம் இப்போது விளங்குகிறதா? புரதம் குறைந்த மாவு குறைவாகவே நீரைக் குடிக்கும்.

சரி, கோதுமை மாவில் புரதம் மைதாவைவிட அதிகமாகவே இருக்கும். பின் ஏன் அதில் சுட்ட ரொட்டி கனமாக இருக்கிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாவின் விஷயம் சிக்கலாவதும் இங்கேதான்.

முதற்காரணம் தவிடு. அதன் துணுக்குகள் நுண்ணிய கண்ணாடிச் சில்லுகளைப் போலக் குளூட்டன் படலத்தைக் கிழிக்கின்றன. அது மட்டுமா? தவிடு நீரை மெதுவாக, ஆனால் நிறைய உறிஞ்சும். பிசைந்தபோது சரியாக இருந்த மாவு அரை மணியில் இறுகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் அரைக்கும் முறை. மைதா ஆலைகளில் எஃகு உருளைகள் கோதுமையை நசுக்கித் தவிட்டையும் முளையையும் பிரித்து எடுக்கின்றன. நம் தெருமுனை மாவு மில்லில் இரண்டு கற்கள் அழுத்தித் தேய்த்து அரைக்கின்றன. மாவு சூடாக வந்து விழும். அந்த அழுத்தத்தில் மாவுச்சத்து மணிகளில் ஒரு பகுதி உடைந்துவிடுகிறது. உடையாத மணி தன் எடையில் பாதிக்கும் குறைவான நீரையே ஏற்கும். உடைந்த மணியோ தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் குடிக்கும். சப்பாத்திக்கு இது வரப்பிரசாதம். அதிக நீர் பிடிப்பதால் சப்பாத்தி வெகுநேரம் மிருதுவாக இருக்கும். ரொட்டிக்கோ இது அளவோடு இருந்தால்தான் நல்லது. உடைந்த மணிகளை அமைலேஸ் சீக்கிரம் தின்றுவிடும். பிடித்து வைத்திருந்த நீர் விடுபட, மாவு பிசுபிசுத்துப்போகும்.

ஆகவே கோதுமை மாவு ரொட்டி வேண்டுமென்றால் பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்று தொடங்குங்கள். முழுக் கோதுமையில்தான் செய்வேன் என்பவர்களுக்கு இரண்டு உபாயங்கள். ஒன்று, மாவையும் நீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, அதன்பின் ஈஸ்ட்டும் உப்பும் சேர்த்துப் பிசைவது. அந்த ஓய்வில் தவிடு ஊறிவிடும், குளூட்டனும் தானாகவே பின்னத் தொடங்கும். பிரெஞ்சு அடுமனை ஆசிரியர் ரேமண்ட் கால்வெல் 1970களில் பரப்பிய முறை இது. இன்னொன்று, மாவைச் சலித்து, கிடைத்த தவிட்டைச் சுடுநீரில் முதல்நாள் இரவே ஊற வைத்து, பிசையும்போது கடைசியில் சேர்ப்பது. ஊறிய தவிட்டின் முனைகள் மழுங்கியிருக்கும்.

கேழ்வரகு, கம்பு, சோள மாவுகளில் குளூட்டன் கிடையாது. ருசிக்காக ஐந்தில் ஒரு பங்கு வரை கலக்கலாம். அதற்கு மேல் போனால் தம்ளர் சோதனையில் அரிசிக்கு நேர்ந்த கதிதான். ஆனால் குளூட்டன் ஆகாதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது குடலையே சேதப்படுத்தும். 1944–45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பசியால் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறியதை டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே கவனித்தார். குற்றவாளி கோதுமை என்று அவர் பிறகு நிலைநாட்டினார். அவர்களுக்கு நம் இட்லியும் கேழ்வரகு அடையும் கைகொடுக்கும்.

கடையில் விற்கும் பழுப்பு நிற ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பாக இருப்பதாலேயே அது முழுக் கோதுமை ஆகிவிடாது. உறையில் உள்ள சேர்மானப் பட்டியலில் அதிக எடையுள்ள பொருளை முதலில் அச்சிடுவது விதி. முதற்பெயர் மைதா என்றும், கடைசியில் கேரமல் நிறம் என்றும் இருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

அடுமனைக்காரர்கள் ஒரு வேடிக்கையான கணக்குப் போடுவார்கள். மாவு எவ்வளவு இருந்தாலும் அதை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் சதவீதமாகச் சொல்வார்கள். கூட்டினால் 100க்கு மேல் போகும். கணக்கு வாத்தியார் கோபித்துக்கொள்வார்! ஆனால் இரண்டு செய்முறைகளை ஒப்பிட இதைவிட நல்ல வழி கிடையாது.

மைதா ரொட்டிக்கு ஒரு தொடக்கக் கணக்கு: மாவு 100, நீர் 62, உப்பு 2, ஈஸ்ட் 1, சர்க்கரை 3, எண்ணெய் 4. 300 கிராம் மாவு எடுத்தால் நீர் 186 மில்லி லிட்டர், உப்பு 6 கிராம், ஈஸ்ட் 3, சர்க்கரை 9, எண்ணெய் 12 கிராம். பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்தால் நீரை 67 அளவுக்கு உயர்த்துங்கள். முழுக் கோதுமை என்றால் 72 வரை கூடப் போகலாம். மாவைக் கிண்ணத்தால் அளக்க வேண்டாம். அதே கிண்ணத்தில் லேசாகப் போட்டால் 120 கிராம், அமுக்கிப் போட்டால் 150 கிராம் பிடிக்கும். தராசு எடுங்கள்.

உப்பை ருசிக்கு என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள். அது குளூட்டனை இறுக்கும், ஈஸ்ட்டுக்குக் கடிவாளம் போடும். உப்பில்லாத மாவு வேகமாகப் பொங்கி, ஒட்டி, சரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் பிசைவது? சிறு துண்டைக் கிள்ளி, விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். மறுபுறம் விரல் நிழல் தெரியும் அளவுக்குக் கிழியாமல் விரிந்தால் போதும். கையால் பிசைந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கோதுமை மாவு அவ்வளவு மெல்லிதாக விரியாது. அதனிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

புத்தகத்தின் கடிகாரம்

“ஒரு மணி நேரம் அல்லது இரு மடங்காகும் வரை வைக்கவும்” என்று புத்தகம் சொல்லும். நாம் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு இரு மடங்கை விட்டுவிடுகிறோம். குளிர்ந்த நாட்டில் 22 டிகிரி சென்டிகிரேடு அறையில் எழுதிய நேரம் அது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாதத்து வேலூரில் அரை மணியிலேயே மாவு தயாராகிவிடலாம். மீதி அரை மணியும் காத்திருந்தால் சுவர்கள் மெலிந்து, வாயு கசிந்து, மாவு அமுங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் பிசையவும் என்ற அறிவுரையும் அந்தக் குளிர்நாட்டுக்குத்தான்.

பிசைந்த மாவு 27 டிகிரியில் இருப்பது நல்லது. அதற்கு எவ்வளவு சூடான நீர் வேண்டும்? 27ஐ மூன்றால் பெருக்கி, அறை வெப்பநிலையையும் மாவின் வெப்பநிலையையும் கழியுங்கள். வேலூரில் இரண்டும் 35 என்றால், 81இலிருந்து 70 போக 11 டிகிரி. குளிர்பதனப் பெட்டியில் வைத்த நீர்தான் சரி. கொடைக்கானலில் இரண்டும் 18 என்றால் 45 டிகிரி! அங்கே ஈஸ்ட்டை நேராக அந்த நீரில் போடாமல் மாவோடு கலந்துகொள்ளுங்கள். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துப்போகும். இது தோராயக் கணக்குதான். ஆனால் அடுமனைகள் அன்றாடம் இதைப் போடுகின்றன.

மாவிலிருந்து எலுமிச்சையளவு கிள்ளி, ரப்பர் வளையம் மாட்டிய தம்ளரில் போட்டு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு மடங்கானால் பெரிய உருண்டையும் ஆகியிருக்கும். அதுதான் உங்கள் கடிகாரம். பிறகு வாயுவை அமுக்கி எடுத்து, உருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து மறுபடி பொங்க விடுங்கள். விரலால் லேசாக அழுத்தினால், பள்ளம் மெதுவாகப் பாதி எழும்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரமுண்டு. எழும்பாமலே இருந்தால் நேரம் கடந்துவிட்டது.

கெட்டுப்போன ரொட்டியை விசாரித்தல்

இப்போது அந்தச் செங்கல்லுக்கு வருவோம். மாவு பொங்கவே இல்லையா? அப்படியானால் முதல் வேலை தவறியது. சிறிது ஈஸ்ட்டைச் சர்க்கரை கலந்த இளஞ்சூட்டு நீரில் போடுங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் ஈஸ்ட் பழசு. நுரைத்தால், சென்ற முறை ஊற்றிய சுடுநீர் அதைக் கொன்றிருக்கலாம். பிரித்த பாக்கெட்டை அலமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத சீசாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

நன்றாகப் பொங்கி, சூடு பட்டதும் அமுங்கிவிட்டதா? இரண்டாவது வேலை. மாவு பலமற்றது, அல்லது அதிக நேரம் பொங்க விட்டீர்கள். இரண்டில் எது? மேலோட்டைப் பாருங்கள். மேலோட்டின் பொன்னிறம், புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவதால் வருவது. 1912இல் பிரெஞ்சு வேதியியலார் மையார் விவரித்த வினை அது. அதிக நேரம் புளித்த மாவில் ஈஸ்ட் சர்க்கரையைத் தீர்த்துவிட்டிருக்கும். ஆகவே மேலோடு வெளுத்து, வாடை புளிப்பாக இருந்தால் குற்றம் நேரத்தின் மேல். நிறம் நன்றாக இருந்து உயரம் மட்டும் இல்லையென்றால், மாவையும் பிசைந்த விதத்தையும் சந்தேகிக்கலாம். மாறாக, பக்கவாட்டில் கிழிந்து பிதுங்கி, உள்ளே இறுகியிருந்தால் பொங்க நேரம் போதவில்லை.

உதிர்ந்து கொட்டும் கோதுமை ரொட்டிக்கு நீர் போதவில்லை. உள்ளே களிபோல ஒட்டுகிறதா? மூன்றாவது வேலை அரைகுறை. மாவுச்சத்து 60 டிகிரிக்கு மேல் நீரை இழுத்து வீங்குகிறது, 70, 80இல் குளூட்டன் கெட்டிப்படுகிறது. நடுப்பகுதி 95 டிகிரியை எட்ட வேண்டும். அடியில் தட்டினால் வெற்றுப் பெட்டிபோல ஒலிக்கும். எடுத்தவுடன் அறுத்தாலும் களிபோலத்தான் தெரியும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

ஓவன் இல்லாத வீட்டில் அடிகனமான பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிக் காய வைத்து அதற்குள் சுடுவதுண்டு. பெரியவர்கள் துணையோடு செய்யுங்கள். அதில் அடி கருகி மேலே வெளுத்திருந்தால் மாவைக் குறை சொல்லாதீர்கள். சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. டின்னை இன்னும் உயர்த்தி, தீயைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள்.

குறுக்கு வழியும் அதன் விலையும்

பலமற்ற மாவைப் பலப்படுத்த அடுமனைகள் வெகு காலம் கையாண்ட மருந்து பொட்டாசியம் புரோமேட். மிகச் சிறிதளவு போதும். அது புரதச் சரங்களுக்கிடையே பிணைப்புகளை உண்டாக்கி, எந்த மாவையும் உயரமாக எழும்ப வைக்கும். 1980களில் ஜப்பானில் எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது சிறுநீரகத்தில் புற்றுக்கட்டிகள் தோன்றின. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் இதைச் சேர்த்தது. 2016இல் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை ரொட்டிகளைச் சோதித்துத் தன் அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டே இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு இதற்குத் தடை விதித்தது. பொட்டாசியம் புரோமேட் இல்லாமலே அந்த வேலையைச் செய்யக்கூடியது நம் எல்லோருக்கும் தெரிந்த வைட்டமின் சி. நேரம் கொடுத்துப் பிசைகிற வீட்டுச் சமையலறைக்கு அதுகூடத் தேவையில்லை.

சுட்ட பிறகு

வெயில் காலத்தில் வீட்டு ரொட்டியை இரண்டாம் நாள் பிட்டால் சிலந்தி நூல்போல இழை இழுபடுவதுண்டு. அழுகிய அன்னாசிப் பழத்தின் வாடை வரும். மண்ணிலிருந்து தானியத்தோடு வரும் பாசில்லஸ் பாக்டீரியாவின் வேலை இது. ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியை எட்டுவதில்லை என்பதால் அதன் விதைத்துகள்கள் சாகாமல் தப்பி, 35, 40 டிகிரிச் சூட்டில் முளைக்கின்றன. அந்த ரொட்டியை எறிந்துவிடுங்கள், தின்ன வேண்டாம். அடுத்த முறை 300 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் சேருங்கள். புளிப்பில் அது வளர்வதில்லை.

மறுநாள் ரொட்டி விறைத்துப்போவதை, காய்ந்துவிட்டது என்கிறோம். 1852இல் பிரெஞ்சு விஞ்ஞானி பூசங்கோ ரொட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்துப் பார்த்தார். துளி நீர் வெளியேறவில்லை, ஆனாலும் விறைத்துப்போயிற்று. வெந்தபோது குலைந்த மாவுச்சத்து மெல்ல மெல்ல மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்வதுதான் விறைப்பு. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்பதனப் பெட்டியின் சூட்டில், இது மிக வேகமாக நடக்கும். ஆகையால் நாளைக்குத் தின்பதை வெளியே டப்பாவில் வையுங்கள். அதற்கு மேல் வைப்பதானால் துண்டு போட்டு உறைபனி அறையில் வைக்கலாம். விறைத்த துண்டை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த அடுக்கு குலைந்து மறுபடி மிருதுவாகும். இட்லிப் பானையில் ஒரு நிமிடம் ஆவி காட்டினால் போதும். ஆறுவதற்குள் தின்றுவிடுங்கள், இரண்டாம் முறை இன்னும் சீக்கிரம் விறைக்கும்.